காரைக் கொஞ்சம் பார்க்கட்டுமா என்று அமெரிக்கப் போலீஸ் கேட்டால்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்கு ஐ-45 சாலையில் மனைவி, கைக்குழந்தையோடு போயிருக்கிறீர்கள். வேக வரம்பைவிட 9 மைல் கூடுதலாகப் போனதாகச் சொல்லி ஒரு போலீஸ்காரர் ஓரங்கட்ட வைத்தார். லைசென்ஸ், இன்சூரன்ஸ் பார்த்துவிட்டு எச்சரிக்கைச் சீட்டோடு விட்டுவிட்டார். அப்பாடா என்று நீங்கள் மூச்சு விட்ட நேரத்தில், சிரித்த முகத்தோடு, “மைண்ட் இஃப் ஐ டேக் எ க்விக் லுக் இன் தி கார்?” என்றார். “நோ, நோ, கோ அஹெட்” என்றீர்கள். அடுத்த முக்கால் மணி நேரம் குழந்தையின் டயபர் பை வரைக்கும் ரோட்டோரம் வந்துவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று அவர் கிளம்பிவிட்டார். இப்போது நீங்கள் கேட்பது: மறுத்திருக்கலாமா? மறுத்தால் சந்தேகம் வந்திருக்காதா? அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?

மறுத்திருக்கலாம். அதற்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. மறுத்தது ஒன்றை மட்டும் வைத்து உங்கள்மேல் சந்தேகப்பட சட்டத்தில் இடமில்லை. ஒத்துழைக்க மறுப்பது மட்டுமே ஒருவரைத் தடுத்து வைக்கப் போதுமான காரணம் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் ஃபுளோரிடா எதிர் போஸ்டிக் வழக்கில் சொல்லியிருக்கிறது. விமான நிலையமோ, பஸ்ஸோ, காரோ, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நீங்கள் விசாவில் இருப்பதால் இந்த உரிமை குறைந்துவிடாது. டெக்சஸ் சாலையில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரே சட்டம்தான்.

நான் டெக்சஸில் குற்றவியல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் வாதாடும் வக்கீல்களோடு பல வருடமாக வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை. போலீஸ் கேமரா பதிவுகளை ஓடவிட்டு, எந்த நொடியில் யார் என்ன சொன்னார், எங்கே நின்றார் என்று குறிப்பெடுப்பது என் வேலையில் பெரும்பகுதி. இதுபோன்ற பதிவுகளில் நான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது ஒரே ஒரு கணத்தைத்தான். போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்து லைசென்ஸைத் திருப்பித் தருகிறார். ஓட்டுபவர் அதை வாங்கிப் பர்ஸில் செருகுகிறார். தோள்பட்டை தளர்வது பின்னாலிருந்து எடுத்த படத்திலும் தெரியும். போலீஸ்காரர் இரண்டடி நகர்கிறார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போலத் திரும்பி, உள்ளங்கையைக் கார் கூரைமேல் வைத்து, “ஓ, ஒரே ஒரு விஷயம்” என்கிறார். கியரை நோக்கிப் போன கை அப்படியே நிற்கும். பின்னால் சிவப்பும் நீலமும் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். உங்கள் கேள்விக்கான சட்டம் முழுவதும் அந்த இரண்டடிக்குள் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அரசு காரணமில்லாமல் ஒருவரது உடலையோ வீட்டையோ உடைமையையோ சோதனை போடக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தில் 1791-லிருந்து இருக்கும் நான்காவது திருத்தம். வீட்டுக்கு வாரன்ட் வேண்டும். கார் ஓடிவிடும் என்பதால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. மதுவிலக்குக் காலத்தில் மிச்சிகனில் ஒரு காரின் இருக்கை மெத்தைக்குள் 68 பாட்டில் சாராயம் சிக்கிய வழக்கில், கரோல் வழக்கு என்பார்கள், 1925-ல் வந்த தீர்ப்பு அது. குற்றப் பொருள் காரில் இருக்கிறது என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் வாரன்ட் இல்லாமலே தேடலாம். இந்த வலுவான காரணத்தைத்தான் ‘ப்ராபபிள் காஸ்’ என்கிறார்கள். 9 மைல் கூடுதல் வேகம் அந்தக் காரணம் ஆகாது. ஆக, வேகத்துக்காக நிறுத்தியவர் காருக்குள் கை விட வேண்டுமென்றால் அவருக்கு மிச்சமிருக்கும் வழி உங்கள் வாயால் சம்மதம் வாங்குவது. கையில் வலுவான காரணம் இருப்பவர் பெரும்பாலும் உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். அவர் கேட்டதே, அவரிடம் காரணம் இல்லை என்பதற்கு நல்ல அடையாளம்.

சரி, அந்தச் சம்மதம் உண்மையில் மனமொப்பிக் கொடுத்ததா என்று யார், எப்படி முடிவு செய்வது? இங்கேதான் 1973-ன் ஷ்னெக்லாத் எதிர் புஸ்டமான்டே வருகிறது. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் விடிகாலை 2.40 மணி வாக்கில் ஒரு கார் போகிறது. ஒரு ஹெட்லைட்டும் நம்பர் பிளேட் விளக்கும் எரியவில்லை. நிறுத்துகிறார்கள். உள்ளே ஆறு பேர். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை. இன்னொருவர், கார் என் அண்ணன்தம்பி ஒருவருடையது என்கிறார். இன்னும் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து சேர்கிறார்கள். காரைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவர், “ஷ்யூர், கோ அஹெட்” என்று சொல்லி, டிக்கியைத் தானே திறந்தும் கொடுத்தார். நீங்கள் சொன்ன அதே வார்த்தை, தம்பி. பின்சீட்டுக்கு அடியில் கசங்கிக் கிடந்த மூன்று செக்குகள் கிடைத்தன. ஒரு கார் கழுவுமிடத்திலிருந்து திருடப்பட்டவை அவை. மாட்டியது காரில் கூட வந்த புஸ்டமான்டே. ‘மறுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே, தெரியாத உரிமையை எப்படி விட்டுக்கொடுக்க முடியும்?’ என்பதுதான் நீதிமன்றத்துக்கு வந்த கேள்வி.

உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் போலீஸ் பக்கம் நின்றது. மறுக்கும் உரிமை உண்டு என்று போலீஸ் சொல்லத் தேவையில்லை. அது தெரிந்திருந்ததா என்பது பல அம்சங்களில் ஒன்றுதான். மொத்தச் சூழ்நிலையையும் வைத்து, சம்மதம் வற்புறுத்தலால் வந்ததா இல்லையா என்று நீதிபதி பார்த்துக்கொள்வார் என்றது. வயது, படிப்பு, மொழி, எத்தனை போலீஸ்காரர்கள் நின்றார்கள், துப்பாக்கி வெளியே இருந்ததா, குரல் எப்படி இருந்தது, காகிதங்கள் யார் கையில் இருந்தன, எல்லாம் அந்த எடையில் சேரும். கைது செய்தால் ‘நீ பேசாமல் இருக்கலாம்’ என்று வாசிக்கிறார்களே, அது 1966-ன் மிரான்டா தீர்ப்பால் வந்தது. ரோட்டோரத்தில் அதுபோல எதுவும் வாசிக்க வேண்டாம் என்று இந்தத் தீர்ப்பு முடிவு கட்டியது.

மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவர் தர்குட் மார்ஷல். தன்னிடம் இருப்பதே தெரியாத ஒன்றை ஒருவர் எப்படி விட்டுக்கொடுக்க முடியும் என்பது அவருடைய வாதம். போலீஸுக்கு வசதியாக இருக்கிறது என்பதுதான் இந்த விதியின் உண்மையான அடிப்படை, மக்களின் அறியாமையை முதலாக வைத்து நடக்கிற வேலை இது என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். பல வருடம் இந்தப் பதிவுகளைப் பார்த்தவன் என்ற முறையில் நான் அவர் பக்கம்தான். நான் பார்த்தவர்களில் ‘நான் யோசித்து அனுமதித்தேன்’ என்று பின்னால் சொன்னவர்கள் மிகக் குறைவு. ‘வேறு வழியில்லை என்று நினைத்தேன்’ என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. வக்கீல்களின் பெண்ணும் பையனும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டடிக்கு வருவோம். 1992-ல் ஒஹையோவில், டேட்டனுக்கு வடக்கே ஐ-70 சாலையில், 45 மைல் வரம்புள்ள கட்டுமானப் பகுதியில் ராபினெட் என்பவர் 69-ல் போனார். உதவி ஷெரிஃப் நிறுத்தினார், வாய்மொழியாக எச்சரித்தார், லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அதே மூச்சில், நீங்கள் கிளம்பும் முன் ஒரு கேள்வி, காரில் சட்டவிரோதமான சரக்கு ஏதாவது உண்டா, ஆயுதம், போதைப்பொருள் அந்த மாதிரி, என்று கேட்டார். இல்லை என்றதும் தேடலாமா என்றார். இவர் தயங்கிச் சரி என்றார். கொஞ்சம் கஞ்சாவும் ஒரு மாத்திரையும் கிடைத்தன. ஒஹையோ உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல விதி போட்டது: இப்படிக் கேட்கும் முன், ‘சட்டப்படி நீங்கள் இப்போது போகலாம்’ என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் 1996-ல் அதைத் தள்ளுபடி செய்தது. ஒவ்வொரு முறையும் அப்படிச் சொல்லச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்று தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதினார். ஆனால் வழக்கு ஒஹையோவுக்குத் திரும்பி வந்ததும், 1997-ல் அந்த மாநில நீதிமன்றம் மொத்தச் சூழ்நிலையையும் பார்த்துவிட்டு, இது மனமொப்பிய சம்மதமே இல்லை என்று சொல்லிச் சாட்சியத்தைத் தூக்கி எறிந்தது. பாதிப் பேர் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

லைசென்ஸ் உங்கள் கைக்கு வந்த நொடியில் சட்டத்தின் கண்ணில் போக்குவரத்து நிறுத்தம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது இரண்டு பேர் ரோட்டோரம் பேசிக்கொள்வதாகக் கணக்கு. நீங்கள் ‘இல்லை, நான் கிளம்புகிறேன்’ என்று போய்விடலாம். போகாமல் நின்று சரி என்றால், சுதந்திரமாக நின்றதாக எடுத்துக்கொள்வார்கள். லைசென்ஸ் இன்னும் அவர் கையிலேயே இருந்தால் கதை வேறு. ஃபுளோரிடா எதிர் ராயர் வழக்கில், 1983-ல், விமான நிலையத்தில் ஒருவருடைய டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொண்டே வாங்கிய சம்மதம் செல்லாது என்று தீர்ந்தது. சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கும் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

போலீஸ் பயிற்சிகளிலும் இந்த இரண்டடி தெரிந்த வித்தைதான். கான்சாஸில் இதற்குப் பெயரே ‘கான்சாஸ் டூ-ஸ்டெப்’. நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் பேச்சை முடித்துத் தன் கார் பக்கம் இரண்டு எட்டு வைப்பார், பிறகு திரும்பி வந்து பேச்சுக் கொடுப்பார். வேறு மாநில நம்பர் பிளேட்டோடு போன பலர் சிக்கியிருந்தார்கள். வழக்குத் தொடர்ந்தார்கள். 2023 ஜூலையில் ஃபெடரல், அதாவது மத்திய அரசு நீதிமன்றத்தின் நீதிபதி கேத்ரின் வ்ராட்டில், இது நான்காவது திருத்தத்தை மீறுகிறது என்று மிகக் கடுமையான வார்த்தைகளில் தீர்ப்பு எழுதினார். அது மேல்முறையீட்டுக்குப் போனது. என்னைப் பொறுத்தவரை, நான் திரையில் பார்ப்பது கற்பனையில்லை என்று ஒரு நீதிபதி எழுதி வைத்ததே பெரிய விஷயம்.

லைசென்ஸைத் தராமல் இழுத்தடித்தால்? அதற்கு 2015-ன் ராட்ரிகஸ் தீர்ப்பு. நெப்ராஸ்காவில் நள்ளிரவு தாண்டி, சாலையின் ஓரப் பகுதியில் ஏறியதற்காக ஒருவரை நிறுத்தினார்கள். எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து முடித்தபின், உன் காரைச் சுற்றி மோப்ப நாயை நடத்திச் செல்லலாமா என்று போலீஸ்காரர் கேட்டார். அவர் முடியாது என்றார். ஆனாலும் இறங்க வைத்து, இன்னொரு போலீஸ்காரர் வரும்வரை நிறுத்தி, நாயைச் சுற்ற விட்டார்கள். சீட்டு கொடுத்ததிலிருந்து நாய் மோப்பம் காட்டியது வரை ஏழெட்டு நிமிடம். அந்த ஏழெட்டு நிமிடம்கூட அதிகம் என்றது உச்ச நீதிமன்றம். நிறுத்திய வேலை முடிந்ததும், அல்லது முடிந்திருக்க வேண்டிய நேரம் வந்ததும், பிடித்து வைக்கும் அதிகாரம் தீர்ந்துவிடும்; நீட்டிக்க வேண்டுமானால் தனியாக நியாயமான சந்தேகம் வேண்டும். ராட்ரிகஸுக்கு இதனால் விடுதலை கிடைக்கவில்லை; அப்போது அந்த வட்டாரத்தில் இருந்த சட்டத்தை நம்பி போலீஸ் நடந்தது என்ற காரணத்தால் கீழ் நீதிமன்றம் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர் ‘முடியாது’ என்று சொன்ன அந்த ஒரு சொல் இல்லையென்றால் இந்தத் தீர்ப்பே வந்திருக்காது. சம்மதித்துவிட்டால் அந்த நேரம் உங்கள் கணக்கில் போய்விடும், போலீஸ் கணக்கில் ஏறாது. உங்களை வைத்திருந்த முக்கால் மணி நேரமும் அப்படித்தான் போயிற்று.

நீங்கள் உங்களையே திட்டிக்கொண்டு எழுதியிருந்தீர்கள். வேண்டாம். ரோசானா சாமர்ஸ், வனெஸ்ஸா போன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர்களிடம், உங்கள் போனைத் திறந்து கொடுங்கள், அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நூற்றுக்கு 97 பேர் கொடுத்துவிட்டார்கள். வேறு சிலரிடம், இப்படிக் கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா என்று வெறும் கேள்வியாகக் கேட்டபோது, கொடுப்போம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கேட்டவரிடம் துப்பாக்கியும் இல்லை, சுழல்விளக்கும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிக்கு, ‘இஷ்டமில்லை என்றால் மறுத்திருக்கலாமே’ என்று தோன்றுவது இதனால்தான். தூரத்திலிருந்து பார்த்தால் மறுப்பது சுலபமாகத் தெரிகிறது.

நம் ஆட்களுக்கு இதற்கு மேல் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று பழக்கம். ஊரில் இரவு வாகனச் சோதனையில், ‘டிக்கியத் திற’ என்றால் திறப்போம். அங்கே யாரும் அனுமதி கேட்பதில்லை, நாமும் அப்படி ஒன்று இருப்பதாக நினைப்பதில்லை. (இந்தியாவிலும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-வது பிரிவு, ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன் மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. 1999-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே அதை உறுதி செய்தது. ஆனால் அது உடலுக்கு மட்டும், வண்டிக்கும் பைக்கும் இல்லை.) அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து, யூனிஃபார்ம் போட்டவர் கேள்வி கேட்டாலும் கட்டளையாகவே காதில் விழுகிறது.

இன்னொன்று மொழி. ‘மைண்ட் இஃப் ஐ லுக்?’ என்ற கேள்வியை நன்றாகக் கவனியுங்கள். ‘பார்த்தால் ஆட்சேபம் உண்டா’ என்பதுதான் அது. ‘நோ’ என்றால் ஆட்சேபம் இல்லை, அதாவது சம்மதம். ‘எஸ்’ என்றால் மறுப்பு. ஆனால் பதற்றத்தில் நாம் ‘நோ’ என்பதைப் ‘பார்க்க வேண்டாம்’ என்ற அர்த்தத்தில் சொல்லிவிடுகிறோம், அல்லது மரியாதைக்குத் தலையை ஆட்டுகிறோம். நம் தலையாட்டல் எந்தப் பக்கம் என்பது நமக்கே சில நேரம் குழப்பம். ஒரு பதிவில் ஓட்டுநர் ‘நோ சார், நோ சார்’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, போலீஸ்காரர் பின்கதவைத் திறந்ததும் திகைத்துப் பார்த்தார். அதனால் அந்தக் கேள்விக்கு எஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். முழு வாக்கியம் சொல்லுங்கள்: “ஆபிசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்.” மெதுவாக, மரியாதையாக, கேமராவில் பதிகிற குரலில். பிறகு, “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” போகலாம் என்றால் கிளம்புங்கள். இல்லை என்றால் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பதிவாகிவிட்டது. வாதாட வேண்டாம். ராட்ரிகஸ் வழக்கு தெரியுமா என்று கேட்க வேண்டாம். அந்த வேலை வக்கீலுக்கு.

நம்மிடம் மறைக்க ஒன்றுமில்லையே, பிறகு ஏன் மறுக்க வேண்டும் என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்வருகிற எந்தக் காரிலும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகிதத்தில் மடித்த திருநீறு இருக்கும், குங்குமம் இருக்கும், சில நேரம் ஒரு பிளாஸ்டிக் கவரில் கோலமாவோ பச்சரிசி மாவோ இருக்கும். வெளிறிய பொடியைக் குட்டிப் பொட்டலத்தில் பார்க்கிற போலீஸ்காரருக்கு அது திருநீறு என்று எப்படித் தெரியும்? ரோட்டோரத்தில் அவர் செய்கிற பரிசோதனை, ஒரு சிறு பையில் பொடியைப் போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. கொக்கைனுக்கு நீலமாக மாறும் அந்த ரசாயனம் வேறு பல சாதாரணப் பொருள்களுக்கும் நீலமாகும். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் இப்படித் தவறான பரிசோதனையை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களின் தண்டனைகள் பிற்பாடு ஆய்வக முடிவு வந்தபின் ரத்தாகியிருக்கின்றன.

அப்புறம், காரில் இருப்பது எல்லாம் நம் பொருள்தானா? வார இறுதியில் கூட வந்த நண்பர் சீட்டுக்கடியில் ஒரு வேப் பேனாவைத் தவறவிட்டிருந்தால்? கஞ்சா எண்ணெய் நிரப்பிய பேனா டெக்சஸில் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய கத்தி. பக்கத்து மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி விற்றாலும் ஃபெடரல் குடியேற்றச் சட்டத்தில் அது குற்றமே. சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்கு மேற்படாமல் கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு சம்பவம் தவிர, போதைப்பொருள் தண்டனை எதுவும் நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம். என் பொருள் இல்லை என்று நிரூபிக்க ஒரு வருடமும் வக்கீல் செலவும் ஆகும். மறுக்க ஒரு வாக்கியம் போதும்.

சம்மதித்த பிறகும் எல்லாம் போய்விடவில்லை. எதற்குச் சம்மதித்தீர்கள் என்பதற்கு எல்லை உண்டு. 1991-ன் ஹிமெனோ வழக்கில் மயாமி பகுதிப் போலீஸ்காரர், போதைப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுமதி வாங்கினார். தரையில் கிடந்த பழுப்புக் காகிதப் பையைத் திறந்தார். கொக்கைன். போதைப்பொருளைத் தேடுகிறேன் என்று சொன்னபின், அது இருக்கக்கூடிய பையைத் திறப்பதும் அடக்கம் என்றுதான் சாதாரண மனிதர் புரிந்துகொள்வார் என்று நீதிமன்றம் ஏற்றது. பூட்டிய பெட்டியை உடைப்பது அப்படி அடங்காது என்றும் குறிப்பிட்டது. போனைத் திறந்து கொடு என்றால் அது தனிக் கேள்வி. காருக்குச் சொன்ன சரி போனுக்குச் செல்லாது. பக்கத்தில் இருப்பவர் தன் கைப்பையைத் தனியாக மறுக்கலாம். தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே, “ஐ வித்ட்ரா மை கன்சென்ட், ப்ளீஸ் ஸ்டாப்” என்று சொல்லலாம். அதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நிறுத்தியாக வேண்டும். டயபர் பை வெளியே வந்தபோது நீங்கள் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பாகிவிடும் என்று பயந்ததாக எழுதியிருந்தீர்கள், ஆகியிருக்காது.

மறுக்க முடியாதவையும் உண்டு. லைசென்ஸும் இன்சூரன்ஸும் காட்டியாக வேண்டும். இறங்கு என்றால் ஓட்டுநர் இறங்க வேண்டும், உடன் வருபவர்களும்தான். 1977-லும் 1997-லும் வந்த தீர்ப்புகள் அவை. நிறுத்திய வேலை நடக்கும் நேரத்துக்குள், அதை நீட்டிக்காமல், நாய் காரைச் சுற்றிவந்தால் உங்கள் சம்மதம் தேவையில்லை. நாய் மோப்பம் காட்டினால் அதுவே வலுவான காரணம் ஆகிவிடும். டெக்சஸில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஆஸ்டினுக்குப் பக்கத்தில் லேகோ விஸ்டாவில் குழந்தைகளோடு காரில் போன ஒரு தாயைச் சீட் பெல்ட் போடாததற்காகக் கைவிலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றம். கைது செல்லும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்த்தது. கைதானால் காரை இழுத்துப்போகும்போது உள்ளே இருப்பதைப் பட்டியல் எடுப்பார்கள், அதற்குச் சம்மதம் வேண்டாம். வேக மீறலுக்கு டெக்சஸ் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு: டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டால் அதற்காகக் கைது செய்ய முடியாது. அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, கோர்ட்டுக்கு வருகிறேன் என்ற உறுதிதான். ஆகவே தயங்காமல் போட்டுவிடுங்கள்.

சவுத் பாட்ரே கடற்கரைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சரீட்டா சோதனைச் சாவடியில் எல்லைக் காவல்படையைப் பார்ப்பார்கள். அங்கே நிறுத்திக் குடியுரிமை பற்றிக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆவணங்களைக் கையில் வைத்திருங்கள். ஆனால் டிக்கியைத் தேட அங்கேயும் வலுவான காரணமோ உங்கள் சம்மதமோ வேண்டும் என்பது 1975-ன் ஆர்ட்டிஸ் தீர்ப்பு. மெக்சிகோவிலிருந்து நாட்டுக்குள் நுழையும் வாசலில் மட்டும் கதை வேறு, அங்கே சம்மதத்துக்கு வேலையே இல்லை.

நீங்கள் தெளிவாக மறுத்தும் அவர் தேடத் தொடங்கினால் தடுக்காதீர்கள், கையை நீட்டாதீர்கள், கதவைப் பிடிக்காதீர்கள். “ஐ டோன்ட் கன்சென்ட்” என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். சட்டவிரோதத் தேடலில் கிடைத்ததை நீதிமன்றத்தில் ஒதுக்க வைக்கலாம். சம்மதம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. டெக்சஸ் நீதிமன்றங்களில் அதற்கு அவர்கள் காட்ட வேண்டிய சாட்சியம் ஃபெடரல் நீதிமன்றத்தில் கேட்பதைவிடத் தெளிவாகவும் வலுவாகவும் இருக்க வேண்டும். அரைகுறைத் தலையாட்டல் இருந்தால் அவர்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். முழு வாக்கியத்தில் மறுப்பு இருந்தால் கிடைக்காது.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் மறுக்கும் உரிமை தெரிந்திருந்தது என்று அரசே காட்ட வேண்டும் என்பது 1975 முதல் விதி. நெடுஞ்சாலையில் இனம் பார்த்து நிறுத்துகிறார்கள் என்ற பெரிய சர்ச்சைக்குப் பின், நியாயமான சந்தேகம் இல்லாமல் சம்மதம் கேட்கவே கூடாது என்று 2002-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. மின்னசோட்டா 2003-ல் அதே வழியில் போனது. கனெக்டிகட் 2020-ல் சட்டமே போட்டது. டெக்சஸில் 2015-ல் லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்ட சாண்ட்ரா பிளாண்ட் மூன்று நாளில் சிறையில் இறந்தார். அவர் பெயரில் 2017-ல் வந்த சட்டத்தின் முதல் வரைவில் இந்தச் சம்மதத் தேடலுக்குக் கட்டுப்பாடு இருந்தது. நிறைவேறும்போது அந்தப் பகுதி இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

கடைசியாக, அன்று நடந்ததைப் பற்றி இப்போது ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். அந்தக் காவல் துறைக்கு எழுத்தில் விண்ணப்பித்து உடலில் அணிந்த கேமராவின் பதிவைக் கேளுங்கள். தேதி, ஏறக்குறைய என்ன நேரம், எந்த இடம், உங்கள் பெயர், இவை இருந்தால் போதும். குறைந்தது 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம், அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே அனுப்புங்கள். பதிவு வந்ததும், லைசென்ஸ் உங்கள் கைக்கு வந்தது அவர் கேள்வி கேட்டதற்கு முன்னாலா பின்னாலா என்று நொடியோடு குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். பின்னால் என்றால், நீங்கள் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டியிருக்கும்.